பி.டெக்கும் வேணும், ஹியூமானிட்டீஸும் வேணும்: டெல்லியில காலேஜ் தேடுற நம்மாளுங்களுக்கு

மே மாசம் பொறந்துட்டா எங்க வீட்டு போன் ஓயாது. அப்பாவுக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் காலத்து ஆளுங்க, மலை மந்திர் முருகன் கோயில்ல பார்க்குறவங்க, தமிழ்ச் சங்கத்துல பக்கத்து சீட்ல உட்கார்ந்தவங்க, அவங்க மச்சினர் பையன்னு ஒரு பட்டாளமே இருக்கு, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "உங்க பொண்ணு ஏதோ கம்ப்யூட்டரும் சோஷியாலஜியும் சேர்த்து படிக்குதாமே, அது பி.டெக்கா பி.ஏவா சார்?" அப்பா ரெண்டு நிமிஷம் சமாளிச்சுட்டு போனை என்கிட்ட நீட்டிடுவார். ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடுறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே ஃபார்வர்ட் பண்ணிக்கலாம்.

முதல்ல என் கதைய சொல்லிடுறேன், ஏன்னா நான் ஏமாந்தவன். 2013-ல என்.சி.ஆர்ல, அதாவது டெல்லி சுத்துவட்டாரத்துல, ஒரு பிரைவேட் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தேன், பேரு வேணாம். ப்ரோஷர்ல முதல் பக்கத்துலயே "முழு மனிதனை உருவாக்குகிறோம்"ங்கிற ரேஞ்சுல பெரிய பேச்சு. கிளாஸுக்கு போனா ஹியூமானிட்டீஸ்னு (இலக்கியம், தத்துவம், சோஷியாலஜி மாதிரி பாடங்கள்) இருந்தது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், வர்க்ஷாப் முடிச்சு கையில கிரீஸோட போய் உட்காருவோம், மேனேஜ்மென்ட் டிபார்ட்மென்ட்லேர்ந்து யாரு ஃப்ரீயோ அவங்க வந்து பிபிடியை வாசிச்சுட்டு போவாங்க. பரீட்சைல கேள்வி, "நேர்மை என்றால் என்ன, விளக்குக, 10 மார்க்". நான் பக்கத்துல இருந்தவனைப் பார்த்து எழுதினேன். நிஜமா.

அதனால என் தங்கச்சி பிளஸ் டூ முடிச்சப்போ, "அண்ணா, எனக்கு கோடிங்கும் பிடிக்குது, ஊர் உலகம் எப்படி ஓடுதுன்னும் படிக்கணும்"னு சொன்னப்ப நான் உஷாராயிட்டேன். தயிர் சாதத்துக்கு ஓரமா ஊறுகாய் வைக்கிற மாதிரி ஹியூமானிட்டீஸை வைக்கிற காலேஜ் இருக்கு, சாம்பார் சாதம் மாதிரி பிசைஞ்சே தர்ற காலேஜும் இருக்கு. ப்ரோஷர்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுங்கிறதுதான் விஷயமே.

முதல் வேலை, கிரெடிட் எண்ணுங்க, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் டிகிரியில எவ்வளவு எடைன்னு சொல்ற புள்ளி. ஒரு காலேஜ் பேரு கைல வந்ததும் ப்ரோஷரை மூடி வெச்சுட்டு அவங்க வெப்சைட்ல கரிகுலம் பிடிஎஃப், இல்லன்னா ரெகுலேஷன்ஸ்னு இருக்கும், அதை இறக்கி பிரின்ட் எடுங்க. போன்ல பார்த்தா ஒண்ணும் புரியாது. நானும் தங்கச்சியும் டைனிங் டேபிள்ல உட்கார்ந்து பென்சில் வெச்சு பண்ணினோம். இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அங்கீகாரம் குடுக்கிற ஏ.ஐ.சி.டி.இ 2018-ல குடுத்த மாடல் கரிகுலத்துல மொத்தம் 160 கிரெடிட், அதுல ஹியூமானிட்டீஸ், சோஷியல் சயின்ஸ், மேனேஜ்மென்ட் மூணும் சேர்த்தே 12 தான், அதாவது ஏழரை பர்சென்ட். (ஏழரைன்னதும் அம்மா கிச்சன்லேர்ந்து "சனிக்கிழமை கோயிலுக்கு போயிட்டு வா"ன்னாங்க.) இந்த 12 எந்த சாதாரண இன்ஜினியரிங் காலேஜ்லயும் இருக்கிறதுதான், இதை வெச்சு யாராவது "நாங்க வித்தியாசம்"னு சொன்னா நம்பாதீங்க. இப்போ பென்சிலை எடுத்து அந்த 12-லேர்ந்து இங்கிலீஷ் கம்யூனிகேஷனை அடிங்க, வேல்யூஸ் கோர்ஸை அடிங்க, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மாதிரி எதுனா இருந்தா அதையும் அடிங்க. மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் நிஜமான ஹியூமானிட்டீஸ். நாங்க பார்த்த ஒரு லிஸ்ட்ல மிச்சம் மூணே கிரெடிட் நின்னுச்சு, அதாவது நாலு வருஷத்துல ஒரே ஒரு பேப்பர். கான்ஸ்டிட்யூஷன், பழைய இந்திய அறிவு மரபுன்னு சில கோர்ஸும் கண்ணுல படும், அதெல்லாம் ஏ.ஐ.சி.டி.இ மாடல்லயே கிரெடிட் இல்லாத கட்டாய பாடங்கள், பாஸ் பண்ணினா போதும், அதையும் கணக்குல சேர்க்காதீங்க.

ஒரு இடைச்செருகல். "இதெல்லாம் புது ஃபேஷன்பா, 2020 கல்விக் கொள்கைக்கு அப்புறம் கிளப்பி விட்டது"ன்னு பெரியப்பா சொல்வார். கொள்கையில ஐ.ஐ.டிகளும் கலை, ஹியூமானிட்டீஸ் பக்கம் கூடுதலா போகணும்னு எழுதியிருக்கிறது வாஸ்தவம், ஆனா ஐடியா ரொம்ப பழசு. அமெரிக்காவுல எம்.ஐ.டியில ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட ஒரு கமிட்டி போட்டு, 1949-ல ரிப்போர்ட் குடுத்து, 1950-ல ஹியூமானிட்டீஸுக்குன்னு தனி ஸ்கூலே ஆரம்பிச்சுட்டாங்க. அணுகுண்டு போட்ட காலம் பாருங்க, டெக்னாலஜி மட்டும் தெரிஞ்சா போதாதுன்னு அப்பவே பயம் வந்திருக்கு. இன்னிக்கும் அங்க எந்த இன்ஜினியரிங் பையனா இருந்தாலும் ஹியூமானிட்டீஸ், ஆர்ட்ஸ், சோஷியல் சயின்ஸ்ல எட்டு பாடம் முடிக்காம டிகிரி கிடையாது. நம்ம ஐ.ஐ.டிகளை யோசிச்சவங்களும் எம்.ஐ.டியைத்தான் மனசுல வெச்சிருந்தாங்க, அதனாலதான் ஐ.ஐ.டிகள்ல ஹியூமானிட்டீஸ் டிபார்ட்மென்ட்னு தனியா ஒண்ணு இருக்கு. அது உள்ள இருக்கிறதே நிறைய பேருக்கு தெரியாது, அது வேற விஷயம்.

சரி, டெல்லியில இருந்துக்கிட்டு எங்கெல்லாம் பார்க்கலாம்?

நேரடியா ரெண்டையும் சேர்த்து டிகிரி பேர்லயே போட்டிருக்கிறது ஐ.ஐ.ஐ.டி டெல்லி (மூணு ஐ, ஐ.ஐ.டி வேற), ஓக்லா ஃபேஸ் மூணுல இருக்கு, அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் சோஷியல் சயின்சஸ்னே ஒரு பி.டெக் இருக்கு, சுருக்கமா சி.எஸ்.எஸ்.எஸ்னு சொல்வாங்க. கம்ப்யூட்டரோட டிசைன் சேர்ந்த பிராஞ்சும் தனியா இருக்கு. அட்மிஷன் ஜே.ஈ.ஈ மெயின் ரேங்க்ல, ஜே.ஏ.சி டெல்லி (டெல்லி அரசு இன்ஜினியரிங் காலேஜ்கள் சிலதுக்கு சேர்த்து நடத்துற) கவுன்சலிங் வழியா. ஐ.ஐ.டி டெல்லியில எந்த பிராஞ்ச் பி.டெக் சேர்ந்தாலும் ஹியூமானிட்டீஸ் டிபார்ட்மென்ட் பாடங்கள் எடுத்தே ஆகணும், எகனாமிக்ஸ், லிட்டரேச்சர், சைக்காலஜி, சோஷியாலஜி, ஃபிலாசஃபின்னு விதவிதமா இருக்கும், அங்க வழி ஜே.ஈ.ஈ அட்வான்ஸ்டு. கிரேட்டர் நொய்டா தாண்டி தாத்ரி பக்கம் ஷிவ் நாடார் யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங் பசங்களும் எல்லாருக்கும் பொதுவான கோர் கோர்ஸ், வேற டிபார்ட்மென்ட் எலெக்டிவ்னு படிக்கணும். கொஞ்சம் தள்ளி, சண்டிகர் பக்கத்து மொகாலியில பிளாக்ஷா இருக்கு, முதல் பி.டெக் பேட்ச் 2021-ல ஆரம்பிச்சது, டெக்னாலஜியோட மத்ததையும் கலக்குறோம்னே தொடங்கின யுனிவர்சிட்டி, ஃபீஸ் பார்த்துட்டு தண்ணி குடிச்சுக்கோங்க. சோனிப்பத்ல அசோகாவும் நல்ல இடம்தான், ஆனா அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எஸ்சி ஹானர்ஸ், பி.டெக் இல்ல. இதை பெரியவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க, அட்வான்ஸ் கட்டினப்புறம் தெரிஞ்சா வீட்ல ரகளை.

வெளியூர் போக தயார்னா ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.டெக்கும், கம்ப்யூட்டிங் அண்ட் ஹியூமன் சயின்சஸ்ல ரிசர்ச் எம்.எஸ்ஸும் சேர்ந்த டூயல் டிகிரி இருக்கு, அதுக்கு அவங்களே நடத்துற யு.ஜி.ஈ.ஈ தேர்வு எழுதணும். காந்திநகர் ஐ.ஐ.டி ஹியூமானிட்டீஸுக்கு மத்த இடங்களைவிட கூடுதல் இடம் குடுக்கும். பிட்ஸ் பிலானியில எல்லா பிராஞ்சுக்கும் ஹியூமானிட்டீஸ் எலெக்டிவ் குறைஞ்சது மூணு கோர்ஸ். சென்னை ஐ.ஐ.டியில பிளஸ் டூ முடிச்சு நேரா சேர்ற அஞ்சு வருஷ எம்.ஏ, அதுக்கு ஹெச்.எஸ்.ஈ.ஈ தேர்வுன்னு பழைய வீடியோ நிறைய சுத்திக்கிட்டிருக்கு, அந்த தேர்வை நிறுத்திட்டாங்க, அதுக்கு கோச்சிங்னு யாராவது காசு கேட்டா ஓடிடுங்க.

ஜே.ஏ.சி விஷயத்துல ஒண்ணு மட்டும் கொட்டை எழுத்துல ஞாபகம் வெச்சுக்கோங்க. டெல்லி கோட்டா 85 பர்சென்ட் சீட்டு. அது நீங்க எங்க குடியிருக்கீங்கங்கிறத வெச்சு இல்ல, பிளஸ் டூ எந்த ஸ்கூல்ல முடிச்சீங்கங்கிறத வெச்சு. மயூர் விஹார்ல வீடு, ஸ்கூல் நொய்டா செக்டார்லன்னா நீங்க வெளி ஆள்தான், ஆதார்ல டெல்லி அட்ரஸ் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. நம்ம டி.டி.ஈ.ஏ (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) ஸ்கூல்கள், லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஆர்.கே.புரம், ஜனக்புரி எல்லாமே டெல்லிக்குள்ள இருக்கிறதால அங்க படிச்ச பசங்களுக்கு கவலை இல்ல. எங்க சொந்தத்துலயே ஒரு அத்தை பையன் பத்தாவது முடிச்சு ஃபரீதாபாத் ஸ்கூலுக்கு மாறினான், பஸ் வசதின்னு. ரெண்டு வருஷம் கழிச்சு கவுன்சலிங் அன்னிக்குதான் தெரிஞ்சுது, அத்தை அன்னிக்கு அழுத அழுகை இருக்கே.

அடுத்தது ஆள் யாருன்னு பாருங்க. வெப்சைட்ல ஃபேகல்ட்டி பேஜ் போய் ஹியூமானிட்டீஸ் டிபார்ட்மென்ட்ல நிரந்தர ஆளுங்க எத்தனை, கெஸ்ட் எத்தனைன்னு எண்ணுங்க. ஒவ்வொருத்தர் என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க. "சாஃப்ட் ஸ்கில்ஸ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட்"னு இருந்தா ஊறுகாய். "நகர்ப்புற போக்குவரத்து", "வேலையும் தொழில்நுட்பமும்", "மொழியியல்" இப்படி இருந்தா நிமிர்ந்து உட்காருங்க. கோர்ஸ் பேரும் அதே மாதிரிதான், பேரு எவ்வளவு பெருசா பொதுவா இருக்கோ உள்ள அவ்வளவு காலி. அப்புறம் பாடங்கள் படிப்படியா போகுதான்னு பாருங்க, முதல் வருஷம் சோஷியாலஜி அறிமுகம், மூணாவது வருஷம் அதுமேல ஒரு பெரிய கோர்ஸ், கடைசி வருஷம் ப்ராஜெக்டுக்கு ஹியூமானிட்டீஸ் ப்ரொஃபசரே கைடா வரலாம்னு இருந்தா அது சாம்பார் சாதம். டைம்டேபிள் கிடைச்சா இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடான்னு மட்டும் பாருங்க, எனக்கு அது ஒண்ணே போதும்.

வீட்ல பேசுறது தனி கலை. "ரெண்டும் கெட்டான் படிப்பு"ன்னு ஒரு வார்த்தை எப்படியும் வரும், எங்க வீட்ல முதல் நாளே வந்துச்சு. தத்துவம் பேசாதீங்க, எடுபடாது. டிகிரி சர்டிபிகேட்ல பி.டெக்னு இருக்கும்னு காட்டுங்க. அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் கரிகுலத்துல இருக்குன்னு விரலை வெச்சு காட்டுங்க. காலேஜ்கிட்ட ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட் கேக்கும்போது மொத்தமா வேணாம், பிராஞ்ச் வாரியா வேணும்னு கேளுங்க, எத்தனை பேர் உட்கார்ந்தாங்க எத்தனை பேருக்கு கிடைச்சதுன்னும். குடுக்க யோசிச்சா அதுவும் ஒரு பதில்தான். எங்க அப்பா கடைசியில மசிஞ்சது வேற காரணத்துக்கு. ராஜிந்தர் நகர்ல ஐ.ஏ.எஸ் கோச்சிங் பசங்க இன்ஜினியரிங் முடிச்சுட்டு சோஷியாலஜி ஆப்ஷனலுக்கு திரும்ப காசு கட்டி படிக்கிறதை அவர் நேர்ல பார்த்தவர். "அதுக்கு இதை இப்பவே படிச்சுக்கட்டும்"னுட்டார். அவ ஐ.ஏ.எஸ் எழுதப் போறதில்லங்கிறதை நாங்க இன்னும் சொல்லல.

சேர்ந்தப்புறம் தான் நிஜ கஷ்டம், அதைப் பத்தி யாரும் சொல்றதில்ல.

நம்ம பசங்க பதினொண்ணு பன்னெண்டு முழுக்க பிசிக்ஸ் மேத்ஸ் கெமிஸ்ட்ரின்னு நாலு ஆப்ஷன்ல ஒண்ணு டிக் அடிச்சே பழகினவங்க. ஜே.ஈ.ஈ மெயினை 2021-லேர்ந்து தமிழ்ல கூட எழுதலாம், ஆனா உள்ள போயிட்டா சோஷியாலஜி ப்ரொஃபசர் முப்பது பக்க கட்டுரையை இங்கிலீஷ்ல குடுத்து திங்கட்கிழமை பேசலாம்பார். தங்கச்சி முதல் வாரம் டிக்‌ஷனரியோட வரிவரியா படிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டாவது பக்கத்துல தூங்கிட்டா. அப்படி படிக்கக் கூடாது. முதல் ரெண்டு பக்கம், கடைசி ரெண்டு பக்கம், நடுவுல தலைப்புகள், இவ்வளவு படிச்சுட்டு பேப்பரை கவுத்து வெச்சுட்டு "இந்த ஆள் என்ன சொல்ல வர்றான், யாரோட சண்டை போடுறான்"னு ஓரத்துல தமிழ்ல ரெண்டு வரி எழுதுங்க. தமிழ்ல எழுதணும், அதுதான் சூட்சுமம். இங்கிலீஷ்ல எழுதினா அந்தக் கட்டுரையோட வார்த்தையையே திருப்பி எழுதிட்டு புரிஞ்சுட்டதா நினைச்சுப்போம், தமிழ்ல சொல்ல வரலன்னா புரியலன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நடுப்பக்கம் போங்க.

கட்டுரை எழுதுறதும் அப்படித்தான். அவளோட முதல் அசைன்மென்ட் டெல்லி பி.ஆர்.டி பத்தி. தெரியாதவங்களுக்கு, அம்பேத்கர் நகர்லேர்ந்து மூல்சந்த் வரைக்கும் 5.8 கிலோமீட்டர், நடுவுல பஸ்ஸுக்கு தனி லேன், ஐ.ஐ.டி டெல்லி ஆளுங்க டிசைன்ல பெரிய பங்கு, 2008-ல திறந்தாங்க. கார்காரங்க ஜாம்ல நின்னு கத்தினாங்க, கோர்ட்டுக்கு போச்சு, 2012-ல கோர்ட்டு பஸ் லேன் இருக்கட்டும்னு சொல்லிச்சு, அப்படியும் 2016-ல அரசாங்கமே இடிக்க ஆரம்பிச்சிடுச்சு. இவ ஆறு பக்கம் எழுதினா, வருஷம், நீளம், செலவு, நன்மை தீமைன்னு டேபிள் போட்டு. பி மைனஸ். ஓரத்துல ப்ரொஃபசர் எழுதினது ஒரே வரி: "எல்லாம் சரி, ஆனா இதுல உன் வாதம் எங்கே?" அவளுக்கு கோவம்னா கோவம், "ஒரு ஃபேக்ட் கூட தப்பு இல்லண்ணா, எப்படி மார்க் குறைக்கலாம்?" இன்ஜினியரிங் பிள்ளைங்க எல்லாருக்கும் இந்த அடி விழும். ரெண்டாவது தடவை அவ எழுதினது, அந்த லேன்ல பஸ்ஸுல போனவங்க கார்ல போனவங்களைவிட நிறைய பேர், ஆனா டிவிலயும் பேப்பர்லயும் கேட்டது கார் ஹாரன் மட்டும்தான், அதனால தோத்தது கான்க்ரீட் டிசைன் இல்ல, யாரோட நேரத்துக்கு மதிப்புங்கிற கேள்விதான்னு. நாலே பக்கம். ஏ மைனஸ். நான் அதைப் படிச்சுட்டு கொஞ்சம் பொறாமைப்பட்டேன், என் காலேஜ்ல எனக்கு இதெல்லாம் யாரும் கேக்கல.

எழுத வரலன்னா ஒரு வழி இருக்கு. போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் ஆன் பண்ணிட்டு, அம்மாகிட்ட விளக்குற மாதிரி தமிழ்ல அஞ்சு நிமிஷம் பேசுங்க. திரும்பக் கேட்டா எங்க இழுக்குறீங்க, எங்க "அதாவது அதாவது"ன்னு தடுமாறுறீங்கன்னு தெரியும், அந்த இடத்துலதான் வாதம் ஓட்டை. ஏ.ஐ வெச்சு எழுத வைக்கிறவங்க இருக்காங்க, மொழுமொழுன்னு வரும், ஆனா நல்ல ப்ரொஃபசர் வைவா வைப்பார், "மூணாவது பாராவுல ஏன் அப்படி சொன்னே"ன்னு கேட்டா நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கும்.

இதுக்கெல்லாம் மேல ஃபீல்ட் வொர்க். இதுல இன்ஜினியரிங் பசங்க ஜொலிக்கலாம், பண்ணத் தெரிஞ்சா. ரெண்டாவது வருஷம் அவங்களுக்கு பஸ் டேட்டா வெச்சு ஒரு ப்ராஜெக்ட். டெல்லி டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்டும் ஐ.ஐ.ஐ.டி டெல்லியும் சேர்ந்து 2018-லேர்ந்து ஓபன் டிரான்சிட் டேட்டான்னு விடுறாங்க, பஸ் எங்க போயிட்டிருக்குன்னு யார் வேணா எடுத்துப் பார்க்கலாம். கோட் எழுதுற பாதி ஒரு வாரத்துல முடிஞ்சிடுச்சு. மறுபாதி, ஏதாவது ஒரு ஸ்டாப்புல போய் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்ததை எழுதணும், போன் எடுக்கக் கூடாது. இவ முனிர்க்காவுல உட்கார்ந்தா, சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து ஏழரை. நோட்டை நான் பார்த்தேன், நேரம் போட்டு வரிவரியா எழுதியிருந்தா. "5.52, பஸ் வந்தது, ஸ்டாப்புல நிக்கல, ரெண்டாவது லேன்ல நின்னது. ஓரத்துல ஏழு ஆட்டோ. காய்கறிப் பையோட ஒரு பாட்டி இறங்கி ரோட்டுல நடந்து போறதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு. பாட்டி திரும்பி வந்து உட்கார்ந்தாங்க." வீட்டுக்கு வந்து மேப்பைத் திறந்து பார்த்தா 5.52-க்கு அந்த பஸ்ஸோட புள்ளி கரெக்டா ஸ்டாப் மேலயே இருக்கு. டேட்டாவுல தப்பே இல்ல. பஸ் "வந்தாச்சு". பாட்டிக்கு வரல.

அதோட விடல அவ, மறுநாள் போய் ஆட்டோக்காரங்ககிட்ட கேட்டா, ஏன் பஸ் ஸ்டாப்புலயே நிக்கிறீங்கன்னு. மெட்ரோ கேட் பக்கத்துல, சவாரி அங்கதான் வருது, வேற எங்க நிக்கிறதுன்னு பதில். மெட்ரோ வந்ததால ஆட்டோ வந்துச்சு, ஆட்டோ வந்ததால பஸ் நடுரோட்டுல நிக்குது. கடைசியில அவ டீம் மாத்தினது கோடே இல்ல, "வருகை"ங்கிற வார்த்தைக்கு அவங்க வெச்சிருந்த அர்த்தத்தை. புள்ளி ஸ்டாப்புக்குள்ள வந்தா போதாது, அங்க எத்தனை செகண்டு நிக்குதுன்னும் கணக்குல எடுத்தாங்க. சாம்பார் சாதம்னு நான் சொல்றது இதைத்தான்.

ஃபீல்டுக்கு போறவங்களுக்கு சில்லறை விஷயங்கள்: யாருன்னு சொல்லிட்டு பேசுங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க, பேரை நோட்ல எழுதாதீங்க. ஹிந்தி சுமாரா இருந்தா பரவாயில்ல, சுமாரா பேசுறவங்ககிட்ட ஜனங்க பொறுமையா விளக்குவாங்க, அது ஒரு லாபம். சர்வே கேள்வியில "பஸ் சர்வீஸ் மோசம்தானே?"ன்னு கேக்குற மாதிரி வைக்காதீங்க. அன்னிக்கு ராத்திரியே நோட்டை ஃபேர் பண்ணிடுங்க, மறுநாள் உங்க கையெழுத்தே உங்களுக்கு புரியாது.

டாபிக் தேடி அலையாதீங்க, நம்ம ஆளுங்களைச் சுத்தியே இருக்கு. ஜங்புரா பக்கம் பாராபுல்லா நாலா (கழிவுநீர்க் கால்வாய்) ஓரமா நம்ம தமிழ் ஆளுங்க குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை 2025 ஜூன் 1-ம் தேதி இடிச்சாங்க, ஹைகோர்ட் உத்தரவு, நாலாவைத் தூர்வார வழி வேணும், மழைக்கு தண்ணி தேங்குதுன்னு. 370 வீட்ல 189-க்குத்தான் மாற்று வீடு, அதுவும் நரேலாவுல, டெல்லியோட அந்தக் கோடியில. நாலா எவ்வளவு அகலம் இருந்தா எவ்வளவு தண்ணி போகும்ங்கிறது சிவில் இன்ஜினியர் கணக்கு, அது நியாயமான கணக்குதான். ஜங்புராவுல வீட்டு வேலைக்குப் போற அம்மா நரேலாலேர்ந்து எத்தனை மணிக்கு கிளம்பணும், புள்ளைக்கு தமிழ் சொல்லித்தர ஸ்கூல் அங்க இருக்கான்றதும் ஒரு கணக்கு. ரெண்டையும் ஒரே பேப்பர்ல போடத் தெரிஞ்ச ஆளுங்க இதை முடிவு பண்ணின ரூம்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தங்கச்சி இதைத்தான் கடைசி வருஷ ப்ராஜெக்டா எடுக்கலாமான்னு யோசிச்சுட்டிருக்கா, நாங்க யாரும் வேணாம்னு சொல்லல.

முடிச்சப்புறம் என்னன்னு கேக்குறவங்களுக்கு சுருக்கமா. சாஃப்ட்வேர் வேலை இருக்கவே இருக்கு. மேல படிக்கணும்னா மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுல 2021-லேர்ந்து எக்ஸ்.ஹெச்னு ஹியூமானிட்டீஸ் பேப்பர் வந்திருக்கு, எகனாமிக்ஸ், இங்கிலீஷ், லிங்விஸ்டிக்ஸ், ஃபிலாசஃபி, சைக்காலஜி, சோஷியாலஜி இதுல ஒண்ணு, பி.டெக் பசங்களும் எழுதலாம். எகனாமிக்ஸ் மட்டும் போதும்னு நினைக்கிறவங்க இவ்வளவு சுத்த வேணாம், பாம்பே, கான்பூர் ஐ.ஐ.டிகள்ல அட்வான்ஸ்டு வழியா பி.எஸ் எகனாமிக்ஸே இருக்கு.

கடைசியா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போங்க. ஐ.ஐ.டி டெல்லிக்கு மெஜந்தா லைன்ல அதே பேர்ல ஸ்டேஷன், ஐ.ஐ.ஐ.டிக்கு வயலெட் லைன் கோவிந்த்புரி. ஓபன் ஹவுஸ் அன்னிக்கு வேணாம், அன்னிக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. செமஸ்டர் நடுவுல ஒரு சாதாரண புதன்கிழமை போய் கேன்டீன்ல ஒரு டீ வாங்கிட்டு மூணாவது வருஷ பசங்க டேபிள்ல உட்காருங்க, "கடைசியா எழுதின ஹியூமானிட்டீஸ் பேப்பர் எதைப் பத்தி?"ன்னு மட்டும் கேளுங்க. ஞாபகம் இல்லன்னு சிரிச்சா டீயைக் குடிச்சுட்டு கிளம்பிடுங்க. ஒருத்தன் ஆரம்பிச்சு, இன்னொருத்தன் அவனை மறிச்சு, அவங்களுக்குள்ளயே சண்டை வந்துச்சுன்னா இன்னொரு டீ சொல்லுங்க. சனிக்கிழமை மட்டும் போகாதீங்க, நாங்க போனோம், டிபார்ட்மென்ட் பூட்டு, வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார்.